மிலிட்டரி சீருடைக் குவில்ட்: எந்தத் தையல் வடிவம் தாங்கும், எது சொதப்பும்

குவில்ட் என்பது மேல்பாகம், நடுவே பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. சீருடைகளை வெட்டி இணைத்து மேல்பாகம் தயாரானதும், அடுக்குகளைச் சேர்க்கும் தையலுக்கு வரும் முதல் கேள்வி, "நட்சத்திரம் போடலாமா, கழுகு போடலாமா?" அங்கிருந்து ஆரம்பித்தால் பாதி உழைப்பு வீண். மிலிட்டரி பிரிண்ட்டின் வேலையே கண்ணை ஏமாற்றுவதுதான். ஆளையே மறைக்கிற துணி ஒற்றை நூலையா காட்டிக்கொடுக்கும்? முன்பக்கத்தில் படம் தெரியாது, மேடுபள்ளம் மட்டும்தான் தெரியும். படம் முழுசாகத் தெரிவது பின்பக்கத்து அடித்துணியில். அதனால் கீழே வடிவங்களை எடைபோட்டது அழகை வைத்து அல்ல. தடித்த மூட்டுகளை வடிவம் எப்படித் தாண்டுகிறது, போர்வை எவ்வளவு விறைக்கிறது, பாக்கெட்டுக்கும் பெயர்ப்பட்டைக்கும் வழிவிடுகிறதா, இந்த மூன்றை வைத்துத்தான்.

முதலில் துணியைப் பார்த்துவிடலாம். எல்லாமே சீருடைதான், ஆனால் ரகம் வேறு. அமெரிக்க ராணுவத்தின் ஏசியு என்ற போர்ச்சீருடை பாதி நைலான், பாதி பருத்தி கலந்த ரிப்ஸ்டாப், அதாவது கிழிசல் பரவாத நெசவு. கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுவது கண்ணுக்கே தெரியும். மரைன் படையின் டிஜிட்டல் பிரிண்ட்டும் அதே பாதிக்குப் பாதிக் கலவைதான், நெசவு மட்டும் ட்வில், அதாவது சாய்வரி நெசவு. தீத்தடுப்பு ரகம் என்றால் 65 சதவீதம் ரேயான், 25 பாரா-அராமிட் (வெப்பம் தாங்கும் செயற்கை இழை), 10 நைலான். தொட்டால் மெத்தென்று இருக்கும், வெட்டிய இடத்தில் பிசிறு கொட்டும். வியட்நாம் போர்க்காலத்து ஓஜி-107 என்ற பச்சைச் சீருடையின் பழைய உருப்படிகள் முழுப் பருத்தி சாட்டின். ஊசிக்கு இதமான துணி. பரேடு கோட்டுகள் கம்பளி அல்லது கம்பளி-பாலியஸ்டர். அவற்றின் கதையே தனி, கடைசியில் வருகிறது.

நைலான் கலந்த இந்த இறுக்கமான நெசவில் ஊசி போட்ட ஓட்டை மூடிக்கொள்ளாது. சாதாரணக் குவில்ட் காட்டனில் தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து நகத்தால் நீவினால் ஓட்டை மறைந்துவிடும். இங்கே புள்ளிப் புள்ளியாகக் கோடு அப்படியே நிற்கும். தைத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பிரிக்கலாம் என்ற வசதியே இல்லாததால், வடிவத்தை ஊசி இறங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை மேல்பாகத்தின் மேல் விரித்து, அழியும் மார்க்கரால் வடிவத்தை வரைந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். ஷீட்டின் ஓரம் முழுக்கப் பளிச்சென்று ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மார்க்கர் ஷீட்டைத் தாண்டித் துணியில் போய் நிற்கும்.

அலைக்கோடு

பட்டியலில் முதலிடம் இதற்குத்தான், ஐந்துக்கு ஐந்து. பக்கவாட்டில் ஓடும் நீளமான அலைகள், ஒன்றை ஒன்று வெட்டாமல், இரண்டு முதல் இரண்டரை அங்குல இடைவெளியில். கொடி அசைவது மாதிரி இருப்பதால் விஷயத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் மதிப்பெண் அதற்காக இல்லை.

பேன்ட்டின் பக்கத் தையலைக் கவனியுங்கள். ஒன்றை ஒன்று மடித்துப் பூட்டிய மூட்டு அது. ஒரே இடத்தில் நாலு அடுக்குத் துணி. அதை அப்படியே வைத்து இன்னொரு துண்டோடு இணைத்தால், இரண்டு மூட்டுகள் சந்திக்கும் மூலையில் எட்டு அடுக்குகூடச் சேரும். வடிவம் அந்த மேட்டைக் குறுக்கே தாண்டினால் மெஷினின் பாதம் ஏறி இறங்கும், இரண்டு மூன்று தையலில் வேலை முடிந்தது. மேட்டின் மேலேயே நீளவாக்கில் போனால் பாதம் ஒரு பக்கமாக வழுக்கும், ஊசி வளையும், நூல் கொக்கியில் மாட்டாமல் தையல் விட்டுப்போகும். இதே தடுமாற்றம் நாலு அங்குலம் நீடித்தால் ஊசி தட்டில் இடித்து உடையும். அலைக்கோடு பெரும்பாலான மூட்டுகளைக் குறுக்கே வெட்டுவதால் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு நிபந்தனை. லாங்ஆர்ம், அதாவது குவில்ட்டை உருளைகளில் சுற்றி விரித்துத் தைக்கும் பெரிய மெஷினில், வரிசைகள் உருளைக்கு இணையாகத்தான் ஓடும். பேன்ட் கால்கள் நெட்டுவாக்கில் தைக்கப்பட்ட குவில்ட்டை, அந்த நீள மூட்டுகள் உருளைக்குச் செங்குத்தாக வரும்படி ஏற்ற வேண்டும். திருப்பி ஏற்றினால் அலை மேட்டோடு கைகோத்து நடக்கும். முதலிடத்தில் இருக்கிற வடிவம் கடைசி இடத்துக்குப் போய்விடும்.

நட்சத்திரமும் சுழியும்

நட்சத்திரங்களைச் சுழிக்கோட்டால் கோத்துப் போகும் வடிவம். அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிக ஏமாற்றம் தருவதும் இதுதான். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு உயிரே அந்தக் கூர்முனைதான். முனை மூட்டின் மேட்டில் விழுந்தால் மழுங்கும். முனையில் மெஷின் நொடிப்பொழுது நின்று திரும்பும்போது நைலான் துணியில் அங்கே மூன்று நாலு ஓட்டை நெருங்கி விழும். மெல்லிய தீத்தடுப்புத் துணியில் அது சின்னக் கிழிசலுக்கு அடிபோடும். நட்சத்திரம் மூன்று அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு அங்குலத்தில் போட்டால் முன்பக்கத்தில் நட்சத்திரமாகவும் தெரியாது, பின்பக்கத்தில் பூவா நட்சத்திரமா என்று சந்தேகமாக இருக்கும்.

ஆனால் துண்டுகளுக்கு நடுவே மூன்று நாலு அங்குல அகலத்தில் வெற்று நிறப் பட்டி வைத்துத் தைத்த குவில்ட்டில் நட்சத்திரம் பேர் வாங்கிவிடும். பட்டியில் மட்டும் நட்சத்திரம், சீருடைத் துண்டில் அலை அல்லது வளைவு என்று பிரித்துவிட்டால் இரண்டுமே நன்றாக அமையும். முழுக்க நட்சத்திரம் என்றால் ஐந்துக்கு இரண்டரை. பட்டியில் மட்டும் என்றால் நாலு.

பட வடிவங்கள்

டாக்-டேக் (சிப்பாயின் கழுத்தில் தொங்கும் பெயர்த்தகடு), ஹெலிகாப்டர், பூட்ஸ், நங்கூரம், பறக்கும் கழுகு. டிஜிட்டல் கோப்பாகக் கிடைக்கும் இவை திரையில் கருப்புக் கோட்டில் அசத்தலாக இருக்கும். திரையில் தெரியும் அந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோப்பின் தையல் வழியை ஓட்டிக் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். ஊசி ஒரே கோட்டில் எத்தனை தடவை போய் வருகிறது? ஹெலிகாப்டர் இறக்கை, டாக்-டேக்கின் சங்கிலி, கழுகின் இறகு, எல்லாம் ஒரே கோட்டில் இரண்டு மூன்று முறை திரும்பும் சமாச்சாரங்கள். பருத்தியில் அது கனமான கோடாக அழகாக விழும். நைலான் கலவையில் கம்பி மாதிரி விறைக்கும். மேட்டின் மேல் வந்தால் மூன்று தடவை போன கோடு மூன்று கோடாகப் பிரிந்து தெரியும்.

கால் அங்குலத்துக்குக் குறைவான நுணுக்கம் எதுவும் மிலிட்டரி பிரிண்ட்டில் பிழைக்காது. அதனால் இவற்றை ஆறு அங்குல வெற்று பார்டருக்கும், துண்டுகளுக்கு நடுவே போடும் வெற்றுச் சதுரங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும்: சீருடை எந்தப் படையுடையது? மரைன் படையின் டிஜிட்டல் பிரிண்ட்டுக்குள்ளேயே கழுகு, உலக உருண்டை, நங்கூரம் சேர்ந்த அவர்கள் சின்னம் பொடியாக அச்சிட்டிருக்கும். அதன் மேல் வேறு படையின் சின்னத்தைத் தைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் முகம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. முழுப் போர்வைக்கு ஐந்துக்கு ஒன்றரை.

நேர்கோட்டுக் கட்டம்

வீட்டு மெஷினில் வாக்கிங் ஃபுட் (எல்லா அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் பாதம்) போட்டுத் தைக்கிறவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் தேர்வு. தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர், கோடுகளுக்கு நடுவே இரண்டரை அங்குலம் என்றால் போர்வை மடங்கும், துவளும். ஆனால் ரிப்ஸ்டாப்பில் கோட்டைத் துணியின் கட்டத்துக்கு இணையாக ஓட்டக்கூடாது. துணியே கட்டம்போட்ட நோட்டு மாதிரி இருக்கிறது. உங்கள் கோடு ஒரு நூல் விலகினாலும் அது காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் பிரிண்ட்டின் சதுரப் புள்ளிகளும் அதையேதான் செய்யும். 45 பாகை சாய்த்துவிட்டால் ஒப்பிட ஆளில்லாமல் போகிறது, கோட்டின் சின்னப் பிழை தப்பிக்கிறது.

சாய்த்தால் வரும் வினை வேறு. துணி கிராஸில், அதாவது மூலைவாக்கில் இழுபடும். ஒரு திசைக் கோடுகளை முடித்துவிட்டு எதிர்த்திசையில் வரும்போது, கோடுகள் வெட்டும் இடத்தில் துணி தள்ளிக்கொண்டு வந்து குட்டி மடிப்பு விழும். ஒரே ஓரத்திலிருந்து வரிசையாக ஓட்டாமல் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் விரிந்தால் பாதி குறையும். மீதிப் பாதிக்கு மருந்து, எதிர்த்திசைக் கோடே வேண்டாம் என்று விட்டுவிடுவது. ஒற்றைத்திசைச் சாய்கோடு மட்டும் போதும். மூன்றரை.

வளைந்து திரியும் மீண்டரிங்

பிழை பொறுக்கும் வடிவம் என்றால் இதுதான். எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம், பட்டன் காஜா வந்தால் சுற்றிப் போகலாம், பாக்கெட் ஓரம்வரை போய்த் திரும்பலாம். பிரிண்ட்டில் இருக்கும் திட்டுகளின் விளிம்பையே பின்பற்றினால் நூல் முழுதாக மறைந்து மேடுபள்ளம் மட்டும் மிஞ்சும். காட்டு நிறத் திட்டுகள் போட்ட வுட்லண்ட் பிரிண்ட்டில் இது தனி அழகு. கெடுப்பது அடர்த்திதான். கை பழகிய பலரும் காட்டனில் போடும் அரை அங்குலச் சுருளையே இங்கும் போட்டுவிடுகிறார்கள். குவில்ட் காட்டனைவிட இந்தத் துணி கனம். அதன் மேல் அரை அங்குல அடர்த்தி என்றால் கிடைப்பது போர்வை இல்லை, தரைவிரிப்பு. வளைவுக்கும் வளைவுக்கும் இரண்டு முதல் மூன்று அங்குலம் விடுங்கள். அப்படிப் போட்டால் நாலரை.

மூட்டோரத் தையலும் கோடிழுப்பும்

பெயர்ப்பட்டை, படைப்பிரிவுச் சின்னம், பாக்கெட் மூடி ஆகியவற்றைச் சுற்றிக் கால் அங்குலம் தள்ளி ஒரு கோடு இழுத்தால் அவை எடுப்பாக எழும்பி நிற்கும். இது வேண்டும். மூட்டின் பள்ளத்துக்குள்ளேயே ஓடும் தையல் வேண்டாம். தடிப்பைக் குறைக்க இந்தக் குவில்ட்டில் அரை அங்குல மடிப்பு விட்டு மூட்டுகளை இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடுவதுதான் முறை. அப்படிப் பிரித்த மூட்டின் பள்ளத்தில் துணியே இல்லை, இணைத்த நூல் மட்டும்தான் இருக்கிறது. ஊசி அந்த நூலைக் குத்தி அறுக்கும். ஆறு மாதம் கழித்து மூட்டு வாய்பிளந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இனி பாக்கெட் விவகாரம். வடிவத்தைத் தீர்மானிப்பதில் பாதிப் பங்கு இதற்கு உண்டு. பாக்கெட் திறந்து மூட வேண்டும் என்று கேட்கிறவர்களே அதிகம். உள்ளே கடிதமோ போட்டோவோ வைக்கத்தான். அதன் மேல் வடிவம் ஓடினால் பாக்கெட் மூடிக்கொண்டது. கணினி லாங்ஆர்மில் பாக்கெட்டைச் சுற்றித் தைக்கக்கூடாத எல்லை என்று குறித்துவிடலாம். வடிவம் அந்த ஓரத்தில் நின்று மறுபக்கம் தொடரும். எத்தனை இடத்தில் நின்று தொடங்குகிறதோ அத்தனை நூல்முனைகளை முடிச்சிட்டுப் புதைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நெருங்கிய வடிவம் ஒரு பாக்கெட்டின் ஓரத்தில் இருபது முறை வெட்டுப்படும். அகன்ற அலை என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு தடவையோடு சரி.

பாக்கெட் இடம் ஆறுக்கு ஏழு அங்குலம் இருந்தால் அந்த அளவுக்கு நடுப்பஞ்சு தையலே இல்லாமல் கிடக்கும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஹாப்ஸ் 80/20 பஞ்சுக்குத் தையல் இடைவெளி அதிகபட்சம் 4 அங்குலம். வார்ம் அண்ட் நேச்சுரல் என்ற இன்னொரு பஞ்சு 10 அங்குலம்வரை தாங்கும். பாக்கெட் திறந்திருக்க வேண்டும் என்றால் முதலாவது பஞ்சு கழுவக் கழுவப் பாக்கெட்டுக்குப் பின்னால் உருண்டு திரளும். பஞ்சை மாற்றுங்கள், இல்லையென்றால் பாக்கெட்டைக் கழற்றி வைத்து, குவில்டிங் முடிந்த பிறகு மேலே திருப்பித் தைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பாக்கெட் வடிவில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான் நஷ்டம்.

பட்டன், உலோக ஜிப், பதவிச் சின்ன ஊசிகள் எல்லாம் மெஷினுக்கு வருமுன் கழன்றிருக்க வேண்டும். லாங்ஆர்ம் ஊசி ஜிப் பல்லில் ஒருமுறை மோதினாலே ஊசி உடைவதோடு மெஷினின் டைமிங்கும் கலைந்துவிடலாம். வெல்க்ரோவில் முரட்டுக் கொக்கிப் பக்கத்தைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். அது நூலையும் பஞ்சையும் பிடித்து இழுக்கும். மெத்தென்ற வளையப் பக்கம் இருந்தால் தொந்தரவில்லை. சின்னங்களை ஒட்டிக் கழற்ற உதவும். சீருடையின் உள்லேபிளையும் வெட்டி எறிவதற்கு முன் படித்துவிடுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிவிரட்டி ஆலையிலேயே ஏற்றிய உருப்படிகள் உண்டு. கைக்குழந்தைக்கான போர்வையில் அவற்றைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

அளவு விஷயத்துக்கு வருவோம். டிஜிட்டல் கோப்பை அதன் சொந்த அளவிலேயே ஓட்டுவது சீருடைக் குவில்ட்டில் பெரும்பாலும் தப்பு. 60-க்கு 80 அங்குலக் குவில்ட்டை எடுத்துக்கொள்வோம். வடிவத்தின் வரிசை உயரம் 10 அங்குலம், கோடுகளுக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி 2 அங்குலம் என்றால் எட்டு வரிசை ஓட வேண்டும். 133 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் வரிசை உயரம் 13.3 அங்குலம், ஆறு வரிசையில் முடிந்துவிடும். இடைவெளி 2.7 அங்குலத்துக்குள், 4 அங்குலப் பஞ்சுக்குக்கூடப் பாதுகாப்பு. இரண்டு வரிசை குறைந்தால் வரிசைகள் சந்திக்கும் இடங்களும் குறைகின்றன, போர்வையும் இளகுகிறது. ஒரு எச்சரிக்கை: சுற்றிய குவில்ட் மெஷினின் கழுத்துக்குள் உருளையாகப் பெருத்துக்கொண்டே போகும், சீருடைத் துணி வேகமாகப் பெருக்கும். முதல் வரிசைக்கு இருந்த இடம் ஆறாவது வரிசைக்கு இருக்காது. கடைசி வரிசையில் கைக்கு எட்டும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் நூல்கண்டை அப்படியே துணி மேல் வைத்துப் பார்ப்பது ஏமாற்று வேலை. ஒரு முழம் நூலை உருவி ஒற்றை இழையாக மேலே போட்டு, போனில் கருப்பு-வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் இழை காணாமல் போனால் அதுதான் துணியோடு கலக்கும் நிறம். வுட்லண்ட் பிரிண்ட்டுக்குக் கருப்பைவிடக் காக்கி நன்றாகக் கலக்கிறது. கருப்பு நூல் வெளிர் திட்டுகளைத் தாண்டும்போது பென்சில் கோடு மாதிரி நிற்கும். பல நிறம் மாறும் நூல் இங்கே காசுக்குக் கேடு. மேல்நூல், பாபின் நூல் இரண்டும் ஒரே நிறமாக இருப்பது உத்தமம். தடித்த மூட்டில் டென்ஷன் கொஞ்சம் ஆடினாலும் அடிநூல் மேலே புள்ளியாக எட்டிப் பார்ப்பது கண்ணில் படாது. பாலியஸ்டர் 40 எண் நூல் போதும். பளபளப்பு ரகம் கோட்டை எடுத்துக்காட்டும், மங்கல் ரகம் மறைக்கும். எது வேண்டுமோ அது.

ஊசி, லாங்ஆர்முக்கு எம்ஆர் 4.0, அதாவது 18-ஆம் நம்பர். வீட்டு மெஷினுக்கு ஜீன்ஸ் ஊசி 100/16. ஒரு குவில்ட்டுக்கு ஒரு ஊசி என்ற கணக்கு இங்கே செல்லாது. நடுவில் ஒருமுறையாவது மாற்றுங்கள். "டப் டப்" என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம். லாங்ஆர்மில் அங்குலத்துக்கு 9 அல்லது 10 தையல் போதும். பன்னிரண்டு போட்டால் கூடுதல் உறுதி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், கூடுதல் ஓட்டைதான் கிடைக்கும். தீத்தடுப்புத் துணி கலந்திருந்தால் அந்தத் துண்டுகளுக்குப் பின்னால் மெல்லிய பியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டிவிட்டுத்தான் மேல்பாகத்தையே இணைக்க வேண்டும். இஸ்திரியில் சூட்டைக் கூட்டாதீர்கள். நைலான் கலவை பளபளத்துவிட்டால் அந்தப் பளபளப்பு போகாது.

கடைசியில் பரேடு கோட்டு. கம்பளி கோட்டுத் துண்டுகள் நிறைய இருக்கும் குவில்ட்டுக்கு மேலே சொன்ன எந்த வடிவமும் வேண்டாம், மெஷினையே விட்டுவிடலாம். கையால் முடிச்சுப் போட்டுக் கட்டும் முறைதான் அதற்கு ஏற்றது. தடித்த பருத்தி எம்பிராய்டரி நூல், பெர்லே 5 அல்லது 8. நாலு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, 60-க்கு 80 அளவில் ஓரம் தவிர 14-க்கு 19 வரிசை என்று 266 முடிச்சு வரும். ஊசியை மேலிருந்து இறக்கிக் கால் அங்குலம் தள்ளி ஏற்றி, அதே ஓட்டைகள் வழியே இன்னொரு சுற்று போங்கள். முதல் முடிச்சில் நூலை இரண்டு தடவை சுற்றினால் அடுத்த முடிச்சு போடும்வரை அது நழுவாது. வால் முக்கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். அதைவிடக் குட்டையாக வெட்டினால் இரண்டு மூன்று சலவையில் முடிச்சு அவிழும். மூட்டு சந்திக்கும் மூலையில் முடிச்சு விழாதபடி வரிசையை ஒரு அங்குலம் தள்ளிக்கொள்ளுங்கள். கம்பளியில் அந்த இடத்தில் கைஊசி ஏறாது, இடுக்கி வைத்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும்.